அச்சில் ஏறாத இடப்பக்கம்

1989ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், மூன்று நாள்களாக விடாமல் பெய்த மழைக்கு நடுவே ஒரு முற்பகலில்தான் அவள் அவரை முதன்முதலில் பார்த்தாள். பிலிம் சுருள்களைக் கழுவி அச்சிட்டுத் தரும் கடையில் அச்சுப்பொறி அவள் பொறுப்பில் இருந்தது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். சீருடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு பிலிம் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சாப்பாடு எங்கேங்க?” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“அது பையில நனையுது. அது போனா நாளைக்குச் சமைச்சுக்கலாம். இது போனா போனதுதானே?”

அவர் போனபின் அந்தச் சுருளைக் கழுவி அச்சிட்ட அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது குடும்பங்கள் அவள் கையால் அச்சாகிக்கொண்டிருந்தன. எல்லாக் குடும்பங்களும் வரிசையில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவை முறைத்துப் பார்த்தவைதாம். இந்தச் சுருளிலோ ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. ஓர் அம்மா வாயைத் திறந்துகொண்டு உறங்கினார். ஒரு தம்பி முகம் நிறையச் சோப்பு நுரையோடு, உடைந்த கண்ணாடியைச் சன்னல் கம்பியில் செருகிக்கொண்டிருந்தான். ஒரு தங்கை சுவரில் கால்களைத் தூக்கிப்போட்டுப் படுத்தபடி புத்தகம் படித்தாள். ஓர் அயலார் வீட்டின் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால், மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

படங்களை வாங்கிக்கொள்ள அவர் வந்தபோது கேட்டேவிட்டாள்.

“இதெல்லாம் வீட்டுல கேட்டுத்தான் எடுத்தீங்களா?”

“கேட்டா உடனே தலையச் சீவிக்கிட்டு வந்து வரிசையில நிப்பாங்க. அப்புறம் அது எங்க வீடா இருக்காதே.”

“உங்க அம்மா பாத்தாங்கன்னா?”

“போன தடவை பாத்தாங்க. கரண்டியால கையில ஒண்ணு வெச்சாங்க. அப்புறம், அந்தப் படத்துல இன்னொரு காப்பி போட்டுத் தாடான்னாங்க.”

அடுத்த ஆண்டே அவர்களுக்குத் திருமணம் நடந்தது. திருமணத்திற்குப் பின் வந்த முதல் சுருளைக் கடையில் அவளே அச்சிட்டாள். பொறியிலிருந்து அவளே வந்து விழுந்தாள்: கன்னத்தில் தலையணை மடிப்பின் தடத்தோடும், வாயோரத்தில் எச்சிலோடும். உடன் வேலை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாலை வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “திட்டும்போது உன் மூக்கு என்னமா செவக்குது” என்று கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. யாரேனும் அழுதால் கேமரா கீழே இறங்கிவிடும். யாரேனும் உடை மாற்றினால் அவர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டோமே என்று எவரும் கண்ணை மூடிக்கொள்ள நேர்ந்ததில்லை. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். வீட்டின் ஒவ்வொரு காய்ச்சலும், ஒவ்வொரு தூக்கமும், சிந்திய ஒவ்வொரு தம்ளர் பாலும் படமாயின. பணிமனையில் அவருக்கு ‘ஃபோட்டோ’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. “ஃபோட்டோவுக்கு இன்னிக்குக் காலை ஷிஃப்ட்டு” என்றால்தான் அங்கே எல்லாருக்கும் விளங்கும்.

1999ஆம் ஆண்டில்தான் படங்களில் ஓர் ஒதுக்கம் அவள் கண்ணில் முதலில் பட்டது. படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சற்றே வலப்புறமாக ஒதுங்கியிருந்தார்கள். இடப்புறத்தில் வேண்டாத ஒரு கதவு விளிம்போ, ஒரு வாளியோ, காயப்போட்ட துணியோ இருந்தது. அவள் கவலைப்படவில்லை. அந்தச் சிறிய கேமராவில் படம் பிடிக்கும் லென்ஸ் நடுவில் இருக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வலப்புற ஓரத்தில் இருக்கும். ஆகவே, துளை காட்டுவதைவிட லென்ஸ் கொஞ்சம் இடப்புறமாகவே பார்க்கும். அருகிலிருப்பவர்களைப் படம் எடுத்தால் இந்தக் குறை வரத்தான் செய்யும். தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அறிந்ததே இது. தொலைவில் இருப்பவர்களை எடுக்கும்போது இந்தக் குறை வரக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். மாடிப்படியின் உச்சியிலிருந்து அவர் எடுத்த படங்களிலும் எல்லாரும் வலப்புறமாகத்தான் ஒதுங்கியிருந்தார்கள். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மாறாக, ஓர் உதவி செய்தாள். நெகட்டிவைச் சட்டத்தில் ஒரு நூலளவு நகர்த்தி வைத்துச் சற்றே பெரிதாக்கி அச்சிட்டால், இடப்புறத்து வேண்டாத பகுதி தாளில் விழாது. குடும்பம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு அது அரை நிமிட வேலை. படங்களைப் பார்த்த மாமியார், “என் மகன் கைக்கு ஈடு உண்டா? அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கு பாரு” என்று பெருமை பேசுவார். அவரும் தம் படங்களைப் பார்த்து மகிழ்ந்துபோவார். அவள் வாயைத் திறக்கமாட்டாள். கணவரின் சட்டையில் கழன்ற பொத்தானைத் தைத்துக் கொடுப்பதை யாராவது பறைசாற்றுவார்களா? இது அப்படித்தான் அவளுக்குப் பட்டது. ஆண்டுகள் போகப் போக, நூலளவு நகர்த்தியது விரலளவாயிற்று. அவள் கையும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது.

2004ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சமயத்தில், அவள் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் நிறைவுற்றதற்காகக் கடை முதலாளி ஒரு கேமராவைப் பரிசளித்தார். அது லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் வகையைச் சேர்ந்தது. கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுவேதான் பிலிமிலும் விழும். ஓரத் துளை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அதைக் கழுத்திலிருந்து இறக்கவில்லை.

“இனிமே உங்க படம் நேரா வரும்” என்று அவள் வாய்தவறிச் சொன்னாள்.

“ஏன், இதுவரைக்கும் கோணலாவா வந்துச்சு?” என்று அவர் சிரித்தார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அந்தச் சுருளை அச்சிட்டாள். இம்முறை நெகட்டிவை நகர்த்தவில்லை. முதல் படத்தில் சின்னவள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் இருந்ததோ படத்தின் வலது ஓரத்தில். இடது பாதியில், மூன்றடி தொலைவில், மாமியார் உடை மாற்றிக்கொண்டிருந்தார். இரு கைகளும் தலைக்குமேல் இருந்தன, துணி முகத்தை மறைத்திருந்தது, முதுகில் ஒன்றுமில்லை.

அவள் சட்டென்று படத்தைக் கவிழ்த்தாள். யாரேனும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அதன்பின்தான் அவளுக்கு உறைத்தது. இந்தப் படத்தை அவர் எடுக்கமாட்டார். பெற்ற தாயை இந்தக் கோலத்தில் அவர் எடுக்கவே மாட்டார். அப்படியென்றால், அம்மா அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை. கேமரா காட்டியிருக்கிறது, கண் பார்க்கவில்லை.

குடும்பத்து நெகட்டிவ்களையெல்லாம் அவள் கடையின் இழுப்பறையில்தான் தேதி எழுதிய உறைகளில் வைத்திருந்தாள். அவற்றை ஆண்டு வரிசைப்படி வெளிச்சப் பலகையின்மேல் பரப்பினாள். 1999இல் இடப்புறத்தில் ஒரு நகக்கண் அளவு. 2001இல் கால் பங்கு. இப்போது பாதிக்குச் சற்றே குறைவு. வெள்ளம் படியேறுவதுபோல ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பகுதி உள்ளே ஏறி வந்திருந்தது. அவள் தாளில் விழாமல் ஒதுக்கிய பகுதி அதுதான்.

அந்த ஒதுக்கிய பகுதியில் அவளுடைய பெரிய மகள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்பது படங்கள். அவள் எண்ணிப் பார்த்தாள். பெரியவள் பள்ளிச் சீருடையோடு நிற்கிறாள். புதுச் செருப்பைக் காட்டியபடி ஒரு காலைத் தூக்கி நிற்கிறாள். இரண்டு பற்கள் விழுந்த வாயோடு சிரிக்கிறாள். எல்லாவற்றிலும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை ஏதோ குறும்புக்குத் தலையை நீட்டுகிறாள் என்றெண்ணி, படம் அழகாக வரவேண்டுமென்று, பெற்ற தாயே ஒன்பது முறையும் அவளை ஒதுக்கியிருக்கிறாள். ஒன்பதாவது படத்தில் அந்தக் குழந்தை கையை உயர்த்திக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். அவருக்குத் தெரியவில்லை.

கடைக் கடிகாரத்தில் மணி பதினொன்று. இந்த நேரத்தில் அவர் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, சந்தை வழியாக, இரண்டு பள்ளிக்கூடங்களைத் தாண்டி வந்துகொண்டிருப்பார். இடப்புறத்திலிருந்து ஒரு குழந்தை ஓடி வந்தால்? பொறியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் சாலைக்கு ஓடினாள்.

பேருந்து பதினொன்று இருபதுக்கு வந்தது. அவள் ஏறி, நெருக்கியடித்துக்கொண்டு முன்னே போய், அவருடைய இருக்கைக்கு இடப்புறமாக நின்றாள். அவர் திரும்பவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் ஐந்து விரல்களையும் விரித்து, அவர் முகத்தின் இடப்புறம் ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஆட்டினாள். அவர் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி, அண்ணனுக்கு விசிறி விடுறீங்களா?” என்று நடத்துநர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அப்போதுதான் அவர் கழுத்தை முழுவதும் திருப்பினார். “அட! நீ எப்ப ஏறின?”

ஐம்பது பேருக்கு நடுவே, ‘உங்களுக்குக் கண் தெரியவில்லை’ என்று எப்படிச் சொல்வாள்? சொன்னாலும் அவர் நம்புவாரா? அடுத்த நிறுத்தம் பள்ளிக்கூட வாசல்.

“நிறுத்துங்க. எனக்கு நெஞ்சு வலிக்குது” என்றாள்.

வாழ்க்கையில் அவள் அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது. அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. வண்டியை ஓரம் கட்டி, தாவி இறங்கி வந்து, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நடத்துநர் பதறிப்போய், “நீங்க போங்கண்ணே. நான் டிப்போவுக்குச் சொல்லி வேற ஆள வரவெச்சுக்கிறேன்” என்றார். பயணிகளின் பதற்றத்தைத் தணிக்க எண்ணியோ என்னவோ, “அண்ணன் இன்னிக்கு இடதுபக்கக் கண்ணாடிய ஒடைக்காமக் குடுத்துட்டுப் போறாரு, அதுவே பெரிய விஷயம். இந்த வருஷத்துல மூணு ஆச்சு” என்று வேடிக்கையாகவும் ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சட்டென்று அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். அவர் அதை நெஞ்சுவலி என்றே எண்ணினார்.

வாடகை வண்டியில் அவர் அவளுடைய கையை விடவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கியதும், அவள் அவரை இதய நோய்ப் பிரிவுக்குப் போக விடாமல் நிறுத்தினாள்.

“எனக்கு நெஞ்சு வலி இல்லைங்க.”

“பின்னே?”

“கண்ணுதாங்க. என்னோடது இல்ல, உங்களோடது.”

அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். கண் பிரிவில் எழுத்துகள் எழுதிய அட்டையைக் காட்டியபோது, கடைசி வரியிலிருந்த பொடி எழுத்துகளைக்கூடத் தட்டுத்தடங்கலின்றிப் படித்தார். “பாத்தியா? வருஷா வருஷம் இதத்தான் படிக்கச் சொல்றாங்க. ஒரு வருஷமும் நான் ஃபெயிலானதில்ல” என்றார். அதன்பின், வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற அவளுக்குப் பொத்தானின் ஓசை கேட்டது. நெடுநேரம் கேட்காமலும் இருந்தது.

கண் மருத்துவர் ஓர் இளம்பெண். கருவி தந்த இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம். வலது கண்ணின் வட்டத்தில் மூக்குப் பக்கத்துப் பாதி கறுத்திருந்தது. இடது கண்ணின் வட்டத்திலோ நடுவில் ஒரு பொத்தானளவு வெள்ளையைத் தவிர எல்லாமே கறுப்பு.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சங்கொஞ்சமாச் செத்துக்கிட்டே வந்திருக்கு. வலிக்காது. இருட்டாவும் தெரியாது. தெரியாத எடத்த மூளையே எதையாவது போட்டு நிரப்பிடும். நேரா இருக்கிறத நல்லாப் படிப்பாங்க. அதனால யாருக்கும் சந்தேகம் வராது. போன பார்வை திரும்ப வராது. இருக்கிறத மருந்து போட்டுக் காப்பாத்தலாம்” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “அஞ்சாறு வருஷமாவது ஆகியிருக்கும்மா. வீட்டுல யாருமே கவனிக்கலையா?” என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கணவர் அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் கேட்டார்: “அப்படின்னா, இன்னிக்குக் காலையில ஸ்கூல் வாசல்ல நான் எதப் பாத்துக்கிட்டு வண்டி ஓட்டினேன்?”

மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

வீடு திரும்பும் வழியில் கடைக்குப் போய், நெகட்டிவ் உறைகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டாள். பிற்பகல் வீட்டில் அவர் முன்னே வைத்துத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்: எப்போது கவனித்தாள், எவ்வளவு நகர்த்தினாள், ஏன் சொல்லவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஒரு தடவையாவது, ‘என்னங்க, கோணலா எடுக்கிறீங்க’ன்னு கேலி பண்ணியிருக்கலாமே?” என்று மட்டும் கேட்டார்.

“படம் அழகா வரணும்னுதாங்க...” என்றாள்.

“எல்லாத்தையும் முழுசாப் போட்டுக் குடு. ஒரு ஓரத்தையும் விடாத.”

ஐந்து ஆண்டுப் படங்களை அவள் பதினொரு நாள்களில் திரும்ப அச்சிட்டாள். தம் அம்மாவின் அந்த ஒரு படத்தை மட்டும் அவர் பார்த்த கணத்திலேயே நெகட்டிவோடு சேர்த்துக் கிழித்தார். கிழித்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமியார் அடுத்த அறையிலிருந்து, “என்னடா கிழிக்கிற? என் படமா? நல்லாத்தான் இருந்திருப்பேன், குடுடா” என்றார். மாமியாரிடம் இன்றளவும் யாரும் சொல்லவில்லை.

பெரியவள் பள்ளியிலிருந்து வந்து, தரை முழுவதும் பரப்பியிருந்த படங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வயது அவளுக்கு.

“இதுல நான் இருக்கேனே!” என்றாள். குனிந்து இன்னொன்றை எடுத்தாள். “இதுலயும் இருக்கேன்.”

“நீ அங்க நிக்கிறது எனக்குத் தெரியலம்மா” என்றார் அவர்.

“தெரியலையா? நான் வேணாம்னுதான் விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் அப்புறம் நிக்கிறதையே விட்டுட்டேன்.”

அவர் இருந்த இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தை அவருக்கு இடப்புறமாக நின்றிருந்தாள். கைகளோ நேராக நீண்டிருந்தன. அவளாகவே இரண்டு அடி சுற்றி வந்து அவற்றுக்குள் நின்றாள். அதைப் பார்த்த தாயினால் அங்கே நிற்க முடியவில்லை.

அதன்பின் அவர் வண்டி ஓட்டவே இல்லை. பணிமனையில் விசாரணை மேசையில் உட்காரவைத்தார்கள். ‘எத்தனாம் எண் எத்தனை மணிக்கு?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே வேலை. நாள்தோறும் இருவேளை சொட்டு மருந்து. எஞ்சிய பார்வை, எஞ்சியபடியே நின்றது. படம் எடுப்பதையும் அவர் விடவில்லை. தலையை இடது தோள்வரை திருப்பி, மெல்ல வலது தோள்வரை கொண்டுவந்து, அறையை முழுதும் துழாவிய பிறகுதான் பொத்தானை அழுத்துவார். “அப்பா ஆந்தை மாதிரி சுத்துறாரு, ஓடி வாங்க, ஃபோட்டோ எடுக்கப்போறாரு” என்று சின்னவள் வீட்டையே கூட்டுவாள். அவர் துழாவி முடிப்பதற்குள் வீடே வந்து நின்றுவிடும். கேட்காமல் எடுக்கும் வழக்கம் அதோடு ஒழிந்தது. அவருக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் சொல்லமாட்டார்.

சாலையைப் பற்றியும் அவர் பேசவில்லை. பேருந்தில் போக நேர்ந்தால் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொள்வார். அவளும் அதைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அந்த ஐந்தாண்டுகளைத் தொடாமல் சுற்றிப் போய்த்தான் அவர்கள் பதின்மூன்று ஆண்டுகள் பேசிக்கொண்டார்கள்.

2017ஆம் ஆண்டில் இதயம் பழுதுபட்டு அவர் மருத்துவமனையில் கிடந்தார். இன்னும் சில நாள்கள்தாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மகள்கள் இருவரும் வந்து பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கப் போயிருந்த ஒரு காலைவேளையில், அவர் தலையைத் திருப்பித் திருப்பி அறையில் வேறு எவருமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அவளைக் கிட்டே வரச் சொன்னார். அவள் குனிந்தாள். தண்ணீர் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

“விசாரணை மேசைக்குப் பின்னால ஒரு இரும்பு அலமாரி இருக்கு. பழைய புகார்ப் பதிவேடெல்லாம் அதுலதான் இருக்கு. பதிமூணு வருஷமா என் முதுகுக்குப் பின்னாலயே இருந்துச்சு. எனக்குத் திறந்து பாக்கத் தைரியம் வரல.”

என்ன கேட்கப்போகிறார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

“நீ போ. தொண்ணூத்தொன்பதுலேருந்து ரெண்டாயிரத்து நாலு வரைக்கும் என் தடத்து நம்பரப் பாரு. ரோட்டோரத்துல யாராவது விழுந்தாங்க, யாரையாவது வண்டி ஒரசிட்டு நிக்காமப் போயிடுச்சுன்னு எழுதியிருக்கான்னு பாரு. கொழந்தைங்க யாராவது இருந்தாங்களான்னு பாரு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. இருந்தா, பேரையும் வயசையும் எழுதிக்கிட்டு வா. நான் கண்ண மூடறதுக்குள்ள எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டு.”